என்.எஸ்.எஸ். முகாம்: வெள்ளம் புகுந்த கிணறுகளுக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர்?

நெய்தல்:
வணக்கம். எங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ். அணியின் ஏழு நாள் சிறப்பு முகாம் ஜனவரியில், வேதாரண்யம் பக்கம் ஒரு கடலோரக் கிராமத்தில். மாணவர்கள் 50 பேர். மரக்கன்று, சுவர் ஓவியம், பேரணி என்று நிகழ்ச்சி நிரல் போட்டாயிற்று. ஊர்க்காரர்களோ, மழையில் மூழ்கின உறைக்கிணறுகளைச் சரிசெய்து கொடுத்தால் போதும் என்கிறார்கள். மோட்டார் வைத்து ஒட்ட இறைத்துவிட்டு பிளீச்சிங் பவுடர் கொட்டினால் சரியாகிவிடுமா? அளவு என்ன?

உவர்மண்:
ஒட்ட இறைக்க வேண்டாம் சார். கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிசாகத்தான் நிற்கும். அடிவரை உறிஞ்சினால் உவர் மேலேறிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கிழக்குக் கரையில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைக்காதீர்கள் என்று சொன்னதும் இதனால்தான். தவிர, சுற்றுமண் ஊறிக் கிடக்கிற நேரத்தில் உள்ளே நீர்மட்டம் சட்டென்று இறங்கினால் உறை விலகும், சரியவும் செய்யும். மிதக்கிற குப்பையை வலை கட்டின கழியால் அள்ளுங்கள். கலங்கல் தெளியும்வரை வாளியால் நிதானமாக இறைத்தால் போதும்.

குளோரோஸ்கோப்:
அளவுக்கு வருவோம். விட்டம் × விட்டம் × நீர் ஆழம் × 0.785, எல்லாம் மீட்டரில். வருவதை 1000 ஆல் பெருக்கினால் லிட்டர். நாலடி உறை (1.2 மீட்டர்), தண்ணீர் 3 மீட்டர் என்றால் சுமார் 3,400 லிட்டர். 1000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் எட்டரை கிராம். ஆளாளுக்குக் கை நிறைய அள்ளிப் போடுவதுதான் முகாம்களில் வழக்கம். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும்.

பவுடரை நேராகக் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளிக்கு நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் தெளிய விடுங்கள். தெளிந்த நீர் மட்டும் கிணற்றுக்கு. அடியில் தங்குவது சுண்ணாம்பு. அது உள்ளே போனால் தண்ணீர் இன்னும் கடினமாகும். தெளிவை ஊற்றினதும் வாளியைக் கயிற்றில் இறக்கி நன்றாக அலசிவிடுங்கள்.

மேலே சொன்ன அளவு சாதாரணக் கிணற்றுக்கு. வெள்ளம் புகுந்ததில் பாதிக் குளோரினை அழுக்கே தின்றுவிடும். ஒரு மணி நேரம் கழித்து குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் மிஞ்சியிருக்கும் குளோரினை அளக்கும் சிறு கருவி) பாருங்கள்: லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மறுபடி அதே அளவு, மறுபடி சோதனை. சாயங்காலம் கடைசிக் குடம் எடுத்தபின் போடுவது நல்லது, ராத்திரி முழுக்க வேலை செய்யும். மூட்டை புதிதாக இருக்கட்டும். திறந்து கிடந்த பழைய பவுடரில் வாசனைதான் மிச்சம்.

நெய்தல்:
நன்றி சார். தூர் வார மாணவர்களை உள்ளே இறக்கலாமா?

உவர்மண்:
கூடவே கூடாது. மூழ்கிக் கிடந்த கிணற்றில் காற்று கெட்டிருக்கும், பாம்பும் ஒதுங்கியிருக்கும். தூர் வாருவது கிணறு வெட்டுகிறவர்கள் வேலை, கோடையில் செய்துகொள்ளட்டும்.

வரப்பு:
மரக்கன்றைக் கைவிடுவது நல்லது. ஜனவரியில் மழை ஓய்ந்துவிடும். மே மாதம் யார் தண்ணீர் ஊற்றுவது?

50 பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்தால் பத்துக் குழு. ஒவ்வொன்றிலும் அளக்க, எடை போட, கலக்க, சோதிக்க, குறிப்பேடு எழுத என்று ஆளுக்கொரு வேலை. கலக்குகிறவருக்குக் கையுறை, முகக்கவசம். திறந்த வெளியில் மட்டும். முதல் நாளே ஊராட்சி அலுவலகத்திலும் கிராம சுகாதார செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள். ஊர் டேங்க் ஆபரேட்டர் இந்த வேலையைத் தினமும் செய்கிறவர், அவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பேடு கடைசியில் அவர் கைக்குப் போகட்டும். உப்புக்கு பிளீச்சிங் பவுடர் மருந்தில்லை என்பதையும் வீட்டுக்காரர்களிடம் சொல்லுங்கள். கரிக்கிற கிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் குழாய்த் தண்ணீர்தான்.