டெகாத்லான் கேம்: நீளம் தாண்டுதலில் ஓயாத ஃபவுல், கோலூன்றித் தாண்டுதலில் பூஜ்ஜியம்

பத்துப்போட்டி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பல தடகளப் போட்டிகளை ஒன்றாகத் தொகுத்துத் தரும் ஒரு வீடியோ கேமைச் சில வாரங்களாக விளையாடி வருகிறேன். போட்டிகளைத் தனித்தனியாக ஆடும்போது ஓரளவு சமாளித்துவிடுகிறேன். ஆனால், பத்தையும் வரிசையாக ஆட வேண்டிய டெகாத்லான் பகுதிக்குள் போனால், ஒவ்வொரு போட்டிக்கும் பட்டன்களின் வேலை மாறிக்கொண்டே இருப்பதால் விரல்கள் தடுமாறிப் போகின்றன.

100 மீட்டரில் இரண்டு பட்டன்களை மாறி மாறித் தட்டி ஓட வேண்டும். அதில் குறையொன்றும் இல்லை. அடுத்து வரும் நீளம் தாண்டுதலில் அதே பட்டன்களால் ஓடிவந்து, மேல்பக்கப் பட்டனை அழுத்திப் பிடித்துக் கோணத்தை உயர்த்தி, சரியான கோணம் வந்ததும் விட வேண்டும். நானோ தாண்டும் பலகையின் கோட்டைக் கடந்துபோய், பெரும்பாலும் ஃபவுல் (செல்லாத தாண்டல்) ஆகிவிடுகிறேன். அதற்கு அடுத்ததான குண்டு எறிதலிலோ, அதே மேல்பக்கப் பட்டனைத் தொட்ட மாத்திரத்தில் குண்டு கையைவிட்டுப் போய்விடுகிறது. ஒன்றில் விடுவதும் மற்றொன்றில் அழுத்துவதும் கணக்காகும் என்றால், ஐந்து நிமிட இடைவெளியில் எந்தக் கைதான் பழகிக்கொள்ளும்?

இவற்றுக்கெல்லாம் மேலாக, எட்டாவது போட்டியான கோலூன்றித் தாண்டுதல். கன்ட்ரோலரின் இடது ஸ்டிக்கை (கட்டைவிரலால் சாய்க்கும் சிறு குச்சியை) கீழே இழுத்துக் கோலை ஊன்றி, கோல் வளைந்து நிமிரும் தருணத்தில் வலது ஸ்டிக்கை மேலே தள்ள வேண்டும். நான் எப்போது தள்ளினாலும் வீரர் குறுக்குக் கம்பியோடு சேர்ந்து விழுகிறார். தொடக்க உயரத்திலேயே மூன்று முறையும் தவறினால் அந்தப் போட்டிக்குப் பூஜ்ஜியம். அதுவரை சேர்த்த புள்ளிகளுக்குப் பொருளே இல்லாமல் போகிறது. நான் முந்தித் தள்ளினேனா, பிந்தித் தள்ளினேனா என்று கேம் ஒரு வார்த்தை சொல்வதில்லை. பட்டன்களை மாற்றி அமைக்கும் வசதியும் தரப்படவில்லை.

குறை என் விரல்களிலா, டிவியிலா, கேமிலா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இதே சிக்கலைக் கடந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பிரேம்கணக்கு (பதில்)

நீங்கள் சொன்னதிலேயே ஒரு துப்பு இருக்கிறது. 100 மீட்டர் ஓட்டம் சரியாக வருகிறது, நீளம் தாண்டுதலில் ஃபவுல் ஆகிறது என்றால், முதலில் டிவியைத்தான் சந்தேகிக்க வேண்டும். பட்டனை எத்தனை முறை தட்டினீர்கள் என்பதைக் கன்சோல் தனக்குள்ளேயே எண்ணிக்கொள்வதால், திரையில் படம் தாமதமாக வந்தாலும் ஓட்டத்தின் வேகம் குறையாது. ஆனால், திரையைப் பார்த்து ஒரு கணத்தைப் பிடிக்க வேண்டிய போட்டிகளில் அந்தத் தாமதம் முழுவதும் நம் தலையில் விழும்.

கணக்கைப் பாருங்கள். நூறு மீட்டரைப் பத்து வினாடியில் ஓடும் வேகத்தில் வீரர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வினாடிக்குப் பத்து மீட்டர். படத்தை மெருகேற்றும் வேலைகளை எல்லாம் டிவி செய்து முடித்துக் காட்டுவதற்கு 0.1 வினாடி ஆனால், நீங்கள் பார்க்கும் வீரர் உண்மையான இடத்திலிருந்து ஒரு மீட்டர் பின்னால் இருக்கிறார். தாண்டும் பலகையின் அகலமோ வெறும் 20 சென்டிமீட்டர். பலகையைத் தொடும்போது அழுத்துகிறேன் என்று நீங்கள் அழுத்தும் நேரத்தில், கேமின் கணக்கில் அவர் எப்போதோ கோட்டைத் தாண்டிவிட்டார்.

இன்னொன்றும் உண்டு. வினாடிக்கு 60 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் தனிப்படம்) ஓடும் கேமில், அதே வேகத்தில் ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையில் வீரர் சுமார் 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். அதாவது, பலகையின் மீது அவரது கால் இருப்பது ஏறக்குறைய ஒரே ஒரு பிரேம்தான். 30 பிரேம் ஓடும் கேமாக இருந்தால், பலகையை ஒரே எட்டில் கடந்து, படத்தில் அதன் மீது கால் படாமலேயே போய்விடவும் கூடும். எனவே, கேமை உருவாக்கியவர்கள் இங்கே கொஞ்சம் தாராளம் காட்டித்தான் ஆக வேண்டும். உங்கள் கேமில் அதைக் காட்டவில்லை போலிருக்கிறது.

டிவியின் அமைப்புகளுக்குள் போய், படத்தின் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடை இயக்குங்கள். அசைவுகளை வழவழப்பாக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். முடிந்தால் கன்ட்ரோலரைக் கேபிளில் இணைத்துப் பாருங்கள், ஆனால் பெரிய வேறுபாடு டிவியில்தான் தெரியும். அதன் பிறகு பயிற்சிப் பகுதியில், பலகைக்கு வெகு முன்பாகவே மேல்பக்கப் பட்டனை அழுத்தி, வேண்டுமென்றே நீண்ட நேரம் பிடித்திருங்கள். அழுத்திய இடத்திலேயே வீரர் எழும்புகிறாரா, விட்ட இடத்தில் எழும்புகிறாரா என்பது அப்போது தெரிந்துவிடும். கேம் சொல்லித்தர வேண்டிய இந்த ஒரு செய்தியை நாமே சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

பழைய ஜாய்ஸ்டிக் (பதில்)

மேலே உள்ள கணக்கை மறுக்கவில்லை. ஆனால், கட்டுப்பாடுகள் கடினமாக இருப்பதையே குறையாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1983ஆம் ஆண்டு கொனாமி வெளியிட்ட டிராக் அண்ட் ஃபீல்டு ஆர்கேட் கேமில், ஓடுவதற்கு இரண்டு பட்டன்களும் தாண்டவோ எறியவோ ஒரு பட்டனும் மட்டுமே இருந்தன. விரல் வேகம் போதாதவர்கள் ஸ்கேலை வைத்துப் பட்டனைத் துடிக்கவிட்டார்கள். மறு ஆண்டில் வந்த டேலி தாம்ப்சன்ஸ் டெகாத்லான், ஜாய்ஸ்டிக்கை இடமும் வலமுமாக ஆட்டச் சொல்லி எத்தனையோ ஜாய்ஸ்டிக்குகளை உடைத்த பெருமைக்குரியது. உடல் களைத்தால்தான் தடகளம் என்பது இவ்வகைக் கேம்களின் இலக்கணம்.

எனினும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பழைய கேமில் ஆறு போட்டிகளுக்கும் அதே மூன்று பட்டன்கள்தான். ஈட்டியானாலும் சம்மட்டியானாலும், மூன்றாவது பட்டனால் எறிவது என்ற முறை மாறவே இல்லை. இன்றைய கன்ட்ரோலரில் பட்டன்கள் ஏராளமாக இருக்கின்றன என்பதற்காக, எல்லாவற்றுக்கும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள்.

நடுவர்மேசை (பதில்)

விதிமுறை பற்றி ஒரு சிறு கேள்வி: உங்கள் கேமில் டெகாத்லானின் 100 மீட்டரில் முதல் தவறான தொடக்கத்துக்கே வீரரை வெளியேற்றுகிறார்களா? 2010 முதல் தனிப்போட்டிகளில் அதுதான் விதி. ஆனால் டெகாத்லான் போன்ற கூட்டுப் போட்டிகளில், ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு முறை பொறுத்துக்கொள்வார்கள். அதற்குப் பின் தவறுபவர்தான் வெளியேற வேண்டும். துப்பாக்கிச் சத்தம் டிவியில் தாமதித்துக் கேட்பதால் முந்திப் பாயப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு பெரிது.

பத்துப்போட்டி (கேட்டவர்)

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. கேம் மோடை இயக்கியதும் நீளம் தாண்டுதலில் ஃபவுல்கள் பெருமளவு குறைந்துவிட்டன. பிரேம்கணக்கு அவர்கள் சொன்ன சோதனையையும் செய்து பார்த்தேன்: அழுத்திய இடத்தில்தான் வீரர் எழும்புகிறார், பிடித்திருக்கும் நேரம் கோணத்துக்கு மட்டுமே. நடுவர்மேசை அவர்களே, ஆமாம், முதல் முறையிலேயே வெளியேற்றிவிடுகிறார்கள்.

கோலூன்றித் தாண்டுதல் மட்டும் அப்படியே நிற்கிறது. கேம் மோடில் ஆடியும் கம்பி விழுகிறது.

வளைகோல் (பதில்)

நீங்கள் எந்தக் கேமைச் சொல்கிறீர்கள் என்பதை ஊகிக்க முடிகிறது. நானும் அதில்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். அதில் வலது ஸ்டிக்கை மேலே தள்ளும் கணம் மட்டுமன்றி, அது நடுநிலையிலிருந்து புறப்பட வேண்டும் என்பதும் கணக்கில் வருகிறது. பதற்றத்தில் கட்டைவிரல் ஸ்டிக்கைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து வைத்திருந்தால், பிறகு முழுமையாகத் தள்ளினாலும் புதிய தள்ளலாகக் கேம் அதை எடுத்துக்கொள்வதில்லை. ஓடிவரும்போது வலது கட்டைவிரலை ஸ்டிக்கின் மேல் வைக்காமல் தூக்கியே வைத்திருந்து, கோல் ஊன்றிய பிறகு இறக்குங்கள்.

வேகத்தையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். முழு வேகத்தில் வந்தால் கோல் விரைவாக நிமிர்ந்து, தள்ளுவதற்குக் கிடைக்கும் நேரம் சுருங்கிவிடுகிறது; தாழ்ந்த உயரங்களுக்கு அவ்வளவு வேகம் தேவையும் இல்லை. தொடக்க உயரத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில் கர்வம் பார்க்காமல் ஆகத் தாழ்ந்த உயரத்தையே எடுங்கள். உண்மையான டெகாத்லானிலும், தொடங்கிய உயரத்தை மூன்று முயற்சிகளில் தாண்டாதவருக்கு அந்தப் போட்டியில் புள்ளியே கிடையாது என்பதால், அனுபவசாலிகள்கூட முதல் உயரத்தில் எச்சரிக்கையாகவே இருப்பார்கள்.

முந்தியதா பிந்தியதா என்ற கேள்விக்குக் கேம் பதில் தராவிட்டாலும் கம்பி தரும். வீரர் மேலே எழும்பும்போதே கால் பட்டுக் கம்பி விழுந்தால் முந்தித் தள்ளியிருக்கிறீர்கள். கீழே இறங்கும்போது மார்போ கையோ பட்டு விழுந்தால் பிந்திவிட்டீர்கள். மெதுவாக மறுபடியும் காட்டும் காட்சியைத் தாவிச் செல்லாமல் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். ஈட்டி எறிதலுக்கு வந்த பிறகு வேறொரு தொல்லை காத்திருக்கிறது, அங்கே கோணத்தை உயர்த்துவதும் இடது ஸ்டிக்தான். அதற்குத் தனியாக ஒரு கேள்வி தொடங்குங்கள், எழுதுகிறேன்.