ஜோசமில் செயற்கைக்கோள் படம் விலகி நிற்கிறது: எதை நம்பி வரைவது?

மலைத்தடம்:
யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில், ஜோசம் (JOSM) என்ற திருத்து மென்பொருளைக் கொண்டு குன்னூர்ப் பக்கம் சாலைகளை வரைகிறேன். பின்னணிப் படத்தை மாற்றினால், ஏற்கெனவே உள்ள சாலை 10 மீட்டர் தள்ளித் தெரிகிறது. சாலையை நகர்த்துவதா, படத்தையா?

கோடுகாரர்:
முதலில் படத்தை. பதிவிறக்கப் பெட்டியில் ஜிபிஎஸ் தரவையும் (மற்றவர்கள் பதிவேற்றிய பயணத் தடங்கள்) டிக் செய்து இறக்குங்கள். ஒற்றைத் தடத்தை நம்ப வேண்டாம். பள்ளத்தாக்கில் சிக்னல் பாறையில் பட்டுத் திரும்பிப் பிழை கூடும். பல தடங்களின் நடுக்கோடுதான் சாலை. இமேஜரி மெனுவில் புதிய ஆஃப்செட் (படத்தை எவ்வளவு நகர்த்துவது என்ற அளவு) திறந்து, படத்தை இழுத்து அந்தக் கோட்டில் பொருத்தி, பெயரிட்டுச் சேமியுங்கள். அதற்குப் பிறகும் சாலை விலகினால் மட்டும் சாலையில் கை வையுங்கள்.

நிலஅளவி:
சமவெளியில் ஒரே ஆஃப்செட் பல கிலோமீட்டருக்குத் தாங்கும், மலையில் தாங்காது. சாய்வாக எடுத்த படத்தை நிலத்தின் மேடுபள்ளங்களைக் காட்டும் உயர மாதிரியைக் கொண்டு நிமிர்த்துகிறார்கள். மாதிரி பிசகும் இடத்தில் முகடும் பள்ளமும் வெவ்வேறு அளவில் விலகும். கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். கட்டடங்களும் சாய்ந்தே தெரியும்: கூரையைச் சுற்றி வரைந்து, கியூ விசையால் சதுரமாக்கி, முழு உருவையும் சுவரின் அடிக்கு நகர்த்துங்கள்.

மலைத்தடம்:
நன்றி ஐயா. கூகுள் படத்தோடு ஒப்பிடலாமா?

கோடுகாரர்:
கூடவே கூடாது, உரிமம் இடம் தராது. பிங், எஸ்ரி நிறுவனப் படங்கள் இரண்டுக்கும் அனுமதி உண்டு. எதைப் பயன்படுத்தினீர்கள் என்று சேஞ்ச்செட்டின் (ஒருமுறை பதிவேற்றும் திருத்தங்களின் தொகுப்பு) சோர்ஸ் டேகில், அதாவது மூலக் குறிப்பில், எழுதிவிடுங்கள். சென்டினல்-2 செயற்கைக்கோளின் படம் ஏரி எல்லைக்குச் சரி, 10 மீட்டர் பிக்சலில் மலைச்சாலையின் விளிம்பு தெரியாது.