கோடை எஃப்எம் கேட்கிறது, ஆனால் 109 மில்லிசெகண்டுக்கு ஒரு "டக்": என் டிமாடுலேட்டரில் எங்கே தவறு?

நத்தம்_ஏரியல்:

வணக்கம். ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளை (ரேடியோ அலையை எண்களாக்கிக் கணினிக்கு அனுப்பும் யுஎஸ்பி கருவி) வைத்துக்கொண்டு பைத்தானில் சொந்தமாக எஃப்எம் ரிசீவர் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதே டாங்கிள், அதே ஏரியலில் ஜிகியூஆர்எக்ஸ் என்ற ரேடியோ மென்பொருளைப் போட்டால் கோடை எஃப்எம் 100.5 சுத்தமாக வருகிறது. என் நிரலிலும் பாட்டு கேட்கிறது, பேச்சு புரிகிறது. ஆனால் அடியில் விடாமல் "டக் டக் டக்" என்று ஒரு சத்தம்.

அடுத்தவர் எழுதியதை இறக்கி ஓட்டாமல் நானே எழுதக் காரணம் அப்பா. முப்பது வருடம் ரேடியோ ரிப்பேர் பார்த்தவர். ஐஎஃப் காயிலைத் திருகி, அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டிஸ்கிரிமினேட்டரைச் சரிசெய்து அவர் கையால் செய்த வேலையை நான் கணக்காக எழுதிக் காட்ட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. நேற்று ராத்திரி அவரை உட்காரவைத்துக் கேட்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார். "மோட்டார் சத்தம்னா மோட்டாரை நிறுத்தினா நிக்கணும். இடி மின்னல் இப்படி அளந்து வராது. தையல் மெஷின் மாதிரி ஒரே சீரா ஓடுது. இது காத்துல இருந்து வரல, உன் பெட்டிக்குள்ள இருந்துதான் வருது" என்றார்.

ஒலியைப் பதிவுசெய்து ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு "டக்"குகளுக்கு இடையே சரியாக 109 மில்லிசெகண்ட்.

என் நிரல் செய்வது இது: நொடிக்கு 24 லட்சம் சாம்பிள். ட்யூன் செய்த இடத்தின் நடுவில் டாங்கிளே எழுப்பும் முள்ளைத் தவிர்க்க 100.25-இல் ட்யூன் செய்து, ஸ்டேஷனை 250 கிலோஹெர்ட்ஸ் கீழே இறக்குகிறேன். 101 டேப் (101 எண்கள் கொண்ட) ஃபில்டர், பைத்தானின் நம்பை தொகுப்பிலுள்ள கன்வால்வில் "சேம்" முறை. பத்துக்கு ஒன்று எடுத்து 240 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு சாம்பிளையும் முந்தையதன் கான்ஜுகேட்டால் பெருக்கி, இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் எடுக்கிறேன். பிறகு இன்னொரு ஃபில்டர், ஐந்துக்கு ஒன்று, 48 கிலோஹெர்ட்ஸ். கடைசியில், ஒலிபரப்பில் கூட்டி அனுப்பும் உச்ச ஸ்தாயியைத் திரும்பக் குறைக்கும் டி-எம்ஃபசிஸ். ஒரு தடவைக்கு 262144 சாம்பிள், அதாவது ஒரு பிளாக், படிக்கிறேன். கெயினைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தாகிவிட்டது, யுஎஸ்பி ஒயரும் மாற்றியாகிவிட்டது. எங்கே தேடுவது?

பழைய_வால்வு:

தம்பி, அப்பா சொன்னது சரி. 262144-ஐ 24 லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். 0.109 வரும். ஆக, ஒரு பிளாக் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்தான் "டக்" பிறக்கிறது.

அதற்குக் காரணம் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று, நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வரும் சாம்பிள்கள் தவறிப்போகலாம். படி, கணக்குப் போடு, மறுபடி படி என்று எழுதினால் இது நடக்கும். ஜிகியூஆர்எக்ஸ் படிப்பதைத் தனியாக ஓடவிடுகிறது, அதனால் அதில் தெரியாது. இன்னொன்று, உங்கள் கணக்கே பிளாக் எல்லையில் உடையலாம்.

இதைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். ஆர்டிஎல்_எஸ்டிஆர் கட்டளையால் 30 விநாடி கோப்பில் பதிவுசெய்யுங்கள். சாம்பிளுக்கு இரண்டு பைட், ஆக 144 எம்பி வரும். அந்தக் கோப்பை உங்கள் நிரலில் ஓட்டுங்கள். எட்டு பிட் எண்களைப் படித்ததும் முதலில் ஃப்ளோட்டாக (தசம எண்ணாக) மாற்றி, அப்புறம் 127.5 கழியுங்கள். மாற்றாமல் முழு எண்ணாகவே 127 கழித்தால் எண்கள் சுற்றிக்கொண்டு வெறும் இரைச்சல்தான் வரும். கோப்பிலும் "டக்" வந்தால் யுஎஸ்பியைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

நத்தம்_ஏரியல்:

நன்றி ஐயா. கோப்பிலும் வருகிறது, அதே 109 மில்லிசெகண்ட். ஆனால் ஒரு விசேஷம்! கோப்பு என்பதால் பிளாக் அளவைச் சும்மா 240000 ஆக்கிப் பார்த்தேன். "டக்" கிட்டத்தட்ட மறைந்தேவிட்டது. ஹெட்ஃபோனில் கவனித்துக் கேட்டால் மட்டும் லேசாக இருக்கிறது. இதையே வைத்துக்கொள்ளட்டுமா?

சுழல்_வெக்டர்:

வேண்டாம், அங்கே நிற்காதீர்கள். தவறு போகவில்லை, மறைந்துகொண்டது. நானும் இதே இடத்தில் இரண்டு வாரம் ஏமாந்திருக்கிறேன், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

250 கிலோஹெர்ட்ஸ் இறக்க ஒரு சைன் அலையால் பெருக்குகிறீர்கள். ஒவ்வொரு பிளாக்கிலும் அதன் நேரத்தைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 262144 சாம்பிளில் அந்த அலை 27306 முழுச் சுற்றும், மேலே மூன்றில் இரண்டு பங்கும் சுற்றியிருக்கும். நீங்கள் பூஜ்யத்துக்குத் திருப்பியதும் ஃபேஸ், அதாவது அலையின் கோணம், 120 டிகிரி தாவுகிறது. எஃப்எம்மில் ஃபேஸ் மாறும் வேகம்தான் ஒலி. அலைவரிசை உச்சமாக 75 கிலோஹெர்ட்ஸ் விலகும் முழு டீவியேஷனிலேயே, 240 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிளுக்கு ஃபேஸ் 112.5 டிகிரிதான் நகரும். அதையும் மிஞ்சிய ஒரு தாவல் பிளாக்குக்கு ஒன்று என்றால் கேட்காமல் இருக்குமா?

240000 போட்டால் என்ன ஆகிறது? சரியாக 25000 சுற்று, மிச்சமே இல்லை. தாவலும் இல்லை. பத்துக்கு ஒன்று எடுப்பதும் அப்படியே. 240000 பத்தால் வகுபடும். 262144 வகுபடாது, நான்கு மிச்சம். எல்லையில் பத்து சாம்பிள் விட்டு எடுக்க வேண்டிய இடத்தில் நான்கு விட்டு எடுக்கிறீர்கள். இரண்டு தவறுகளும் உங்கள் எண்ணின் தயவால் ஒளிந்துகொண்டன. நாளைக்கு 100.5-ஐ விட்டு வேறு ஸ்டேஷனுக்கு வேறு இடைவெளி வைத்தால் திரும்ப வரும்.

ஹெட்ஃபோனில் லேசாகக் கேட்பது மீதித் தவறுகள். கன்வால்வின் "சேம்" முறை பிளாக்குக்கு வெளியே எல்லாம் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. 101 டேப் என்றால் இரு ஓரத்திலும் ஐம்பது ஐம்பது சாம்பிள் கெட்டுப்போகும். அதை எடுத்துவிட்டு சைப்பை தொகுப்பின் எல்ஃபில்டரைப் போடுங்கள். அது ஃபில்டரின் கடைசி நிலையைத் திருப்பித் தரும். அதை வைத்திருந்து அடுத்த பிளாக்குக்குக் கொடுங்கள். முதல் பிளாக்குக்கு மட்டும் பூஜ்யங்கள். கான்ஜுகேட்டால் பெருக்கிக் கோணம் எடுக்கும் டிஸ்கிரிமினேட்டருக்கும் போன பிளாக்கின் கடைசி சாம்பிள் ஞாபகம் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் காதால் சோதிக்காதீர்கள், காது பழகிவிடும். ஒரே கோப்பை ஒரு தடவை முழுசாக ஒரே பிளாக்காக ஓட்டுங்கள். இன்னொரு தடவை 10007 மாதிரி எதற்கும் வகுபடாத அளவில் துண்டுதுண்டாக ஓட்டுங்கள். இரண்டு ஒலியையும் கழியுங்கள். நிரல் சரி என்றால் மிச்சம் பூஜ்யம்தான், தசமத்துக்கு அப்புறம் பத்தாவது இடத்தில் கொஞ்சம் தூசி இருக்கலாம். 144 எம்பி அப்படியே மெமரியில் விரிந்தால் பல ஜிபி ஆகும், ஆகவே இந்தச் சோதனைக்கு மூன்று விநாடி வெட்டி எடுத்தால் போதும்.

நத்தம்_ஏரியல்:

ஃபேஸ், நீங்கள் சொன்ன மாதிரியே பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கியிருந்தேன். மாற்றிவிட்டேன். எல்ஃபில்டர் இரண்டு இடத்திலும் போட்டேன். பத்துக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று எடுக்கும் டெசிமேஷனில் மிச்சம் எத்தனை என்று எண்ணி வைத்துக்கொண்டு அடுத்த பிளாக்கில் அங்கிருந்து தொடங்குகிறேன். கடைசி சாம்பிளும் வைத்தாகிவிட்டது.

காதுக்கு இப்போது ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் கழித்துப் பார்த்தால் மிச்சம் பூஜ்யம் இல்லை. ஒவ்வொரு எல்லையிலும் சின்னதாக ஒரு முள் எழும்பி, வால் மாதிரி சரிந்து, பத்துப் பதினைந்து சாம்பிளில் அடங்குகிறது.

சுழல்_வெக்டர்:

அந்த வால்தான் விலாசம். டிஸ்கிரிமினேட்டர் தவறு என்றால் அடுத்து வரும் ஃபில்டரின் நீளத்துக்குச் சமச்சீராக ஒரு மேடு வரும். திடீரென எழுந்து மெதுவாகச் சரிவது, தன் பழைய விடையையே திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளும் ஃபில்டரின் வேலை. உங்கள் வரிசையில் அப்படி ஒன்றுதான் இருக்கிறது: டி-எம்ஃபசிஸ். அதன் நிலையைக் காப்பாற்ற மறந்திருக்கிறீர்கள்.

பழைய_வால்வு:

அந்த டி-எம்ஃபசிஸில் எத்தனை மைக்ரோசெகண்ட் போட்டிருக்கிறீர்கள் தம்பி? இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் 75 என்று இருக்கும், அது அமெரிக்கக் கணக்கு. நம் ஊரில் 50. 50-க்குப் பதில் 75 போட்டால் உச்ச ஸ்தாயியில் மூன்றரை டெசிபெல் இறங்கிவிடும். கெட்ட ஒலி என்று சொல்லத் தோன்றாது, மந்தமாக இருக்கும்.

நத்தம்_ஏரியல்:

அக்கா/அண்ணா, டி-எம்ஃபசிஸேதான். கழித்தால் இப்போது தூசி மட்டும். 10007, 262144, 4099 மூன்றிலும் ஓட்டினேன், மூன்றும் ஒன்று.

ஐயா, 75-தான் போட்டிருந்தேன்! நீங்கள் கேட்டதைப் படித்ததும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. முதல் நாளே அப்பா, "அறிவிப்பாளர் போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு" என்றார். "டக்" சத்தத்திலேயே கவனமாக இருந்ததால் அதை நான் காதில் வாங்கவில்லை.

50 ஆக்கி, எதையும் சொல்லாமல் இன்று மாலை போட்டுவிட்டேன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "இப்போ காயில் சரியா உட்கார்ந்துடுச்சு" என்றார். டாங்கிளிலிருந்து சாம்பிள் படிப்பதைத் தனியாகப் பின்னால் ஓடவிடும் வேலை பாக்கி. நாளைக்கு அதைத் தொடங்குகிறேன்.