போர்ஷே 944 வாங்கலாமா, டொயோட்டா 86 வாங்கலாமா?

கேள்வி: மலைப்பாதை
ரெண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1986 போர்ஷே 944, டர்போ இல்லாத 2.5 லிட்டர், ஐரோப்பிய மாடல். இன்னொன்று 2013 டொயோட்டா 86, மேனுவல். வீட்டில் ஒரு கார்தான் நிறுத்த முடியும். வேலைக்கும் அதுதான், லீவில் மலைப்பாதைக்கும் அதுதான். 944-ல் டைமிங் பெல்ட் (வால்வுகளை இன்ஜின் சுற்றோடு ஒத்து இயக்கும் பட்டை) மாற்றியதற்கு பில் இல்லை. பவர் 944-ல் 163 குதிரைத்திறன், 86-ல் 200 என்கிறார்கள். ஓட்டும்போது அது தெரியுமா? வாங்கும் முன் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

பதில்: சுழல்தண்டு
பவரை விட்டுவிட்டு டார்க்கை, அதாவது இன்ஜினின் முறுக்குவிசையைப் பாருங்கள். ரெண்டுக்கும் உச்சம் 205 நியூட்டன் மீட்டர்தான். 944 அதை 3,000 ஆர்பிஎம்மிலேயே (நிமிடத்துக்கு 3,000 சுற்று) கொடுத்துவிடும், 86-க்கு 6,400 வரை ஏற வேண்டும். 944 இன்ஜின் 2,479 சிசி, 86-ல் 1,998 சிசி. அதனால் ஏற்றத்தில் 944 மூன்றாவது கியரிலேயே இழுத்துப் போகும். 86-ல் கியரை இறக்கியே ஆக வேண்டும். போதாததற்கு 3,500-க்கும் 4,500-க்கும் நடுவில் 86-ன் டார்க் சட்டென்று இறங்கும். ஓவர்டேக் பண்ண மிதிக்கிற இடமே அதுதான். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) மாற்றி, ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) ட்யூனும் செய்தால் பெருமளவு சரியாகும். 5,000 தாண்டிவிட்டால் 86-ஐ 944 பிடிக்காது.

வளைவில் ரெண்டுமே அருமை. 944-ல் கியர்பாக்ஸ் பின்னால் இருப்பதால் முன்பின் எடை கிட்டத்தட்ட சமம், 86-ல் 53:47.

பதில்: பழையஇரும்பு
பில் இல்லையென்றால் பெல்ட் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும், வால்வு வளைந்துவிடும். வாங்கினால் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், டோ பண்ணி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போங்கள்.

இதில் பெல்ட் ரெண்டு: ஒன்று கேமுக்கு (வால்வுகளைத் திறக்கும் தண்டு; டைமிங் பெல்ட் என்பது இதுதான்), மற்றது இன்ஜின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுகளுக்கு. பேலன்ஸ் பெல்ட் அறுந்து கேம் பெல்ட்டில் சிக்கினாலும் அதே கதிதான். ரெண்டு பெல்ட், ரோலர்கள், முன்பக்க ஆயில் சீல்கள், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். கேம் பெல்ட்தான் பம்பையும் சுற்றுகிறது, பம்ப் பிறகு கெட்டால் அத்தனையையும் மறுபடி கழற்ற வேண்டிவரும். பழைய சீல் கசிந்தால் எண்ணெய் பட்டு புது பெல்ட்டும் வீணாகும். 72,000 கிமீ அல்லது 4 வருஷம், எது முந்துகிறதோ அதுதான் கெடு. 1986 மாடலில் ஆட்டோமேட்டிக் டென்ஷனர் (பெல்ட்டைத் தானாக இறுக்கி வைக்கும் பாகம்) கிடையாது, 3,000 கிமீ ஓடியதும் கேஜ் வைத்து இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். கையால் முறுக்கிப் பார்த்து ஓகே சொல்கிற மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள்.

கிளட்ச் டிஸ்க்கின் நடுவில் ரப்பர் இருந்தால் அது வயதாகிப் பிய்யும். மாற்ற எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ், டார்க் டியூப் (இன்ஜினையும் பின்னால் இருக்கிற கியர்பாக்ஸையும் இணைக்கும் குழாய்) எல்லாம் நகர வேண்டும், அதனால் கூலியே பெரிய தொகை. போடும்போது ஸ்பிரிங் வைத்த டிஸ்க்காகப் போடுங்கள்.

கூலன்ட் டேங்க்கில் பழுப்பாகக் குழம்பு மிதந்தால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் சீல்) போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள், ஆயில் கூலர் சீலை முதலில் பாருங்கள். சூடான இன்ஜினை அணைத்தபின் ஸ்டார்ட் ஆக மறுத்தால் டிஎம்இ ரிலேயை (இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் ஃபியூயல் பம்புக்கும் மின்சாரம் தரும் சுவிட்ச்) சந்தேகியுங்கள், உள்ளே சால்டர் விரிசல் விடும். பாடி கால்வனைஸ் செய்தது (துருப்பிடிக்காமல் துத்தநாகம் பூசியது) என்றாலும் பேட்டரி தட்டு அரித்து ஓட்டை விழும், தண்ணீர் பயணி கால்பக்கம் இறங்கும். கார்பெட்டைத் தூக்கிக் கையால் தொட்டுப் பாருங்கள்.

பதில்: பாக்ஸர்4
86-லும் ஒரு பெரிய விஷயம் உண்டு. 2013 மாடல்களுக்கு வால்வு ஸ்பிரிங் ரீகால் (கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்து அந்த ஸ்பிரிங்கை மாற்றுவது) 2018-ல் வந்தது. சேசிஸ் நம்பரைக் கொடுத்து வேலை முடிந்ததா என்று டீலரிடம் கேளுங்கள். முடிந்திருந்தால் யார் செய்தார்கள், அதன்பின் எத்தனை கிமீ ஓடியது என்றும் கேளுங்கள். அந்த வேலைக்கு இன்ஜினைத் திறந்து மூடும்போது கூடுதலாகப் பூசிய சீலன்ட் (கசிவைத் தடுக்கும் பசை) பிய்ந்து, ஆயிலை உறிஞ்சும் பிக்கப் வலையை அடைத்தால் இன்ஜின் பேரிங் போய்விடும். ஆயில் பேனைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

ஐடிலில் சில்வண்டு மாதிரி சத்தம் வந்தால் ஃபியூயல் பம்ப்தான், பயப்பட வேண்டாம். கிளட்ச் மிதிக்கும்போது மாறுகிற கீச்சொலி என்றால் கிளட்சின் ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்கலாம்.

ஒரே வண்டி, தினமும் வேலைக்கு என்றால் 86 எடுங்கள். டைமிங் செயின் என்பதால் பெல்ட் கவலை கிடையாது, ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் உண்டு.

கேள்வி: மலைப்பாதை
நன்றி. 944 மேல் ஆசை போகவில்லை. பெல்ட் செலவை விலையில் குறைத்துக் கேட்கலாமா?

பதில்: பழையஇரும்பு
தாராளமாகக் கேளுங்கள், கிளட்சையும் சேர்த்து. விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் விட்டுவிடுங்கள், ரெண்டையும் செய்து பில் வைத்திருக்கிற 944 கொஞ்சம் விலை கூடினாலும் லாபம்தான்.