வின்த்ராப் வளாகத்து டிஸ்க் கால்ஃப் களம்: எப்படி மதிப்பிடுவது?

கேள்வி (குமரன்):
தென் கரோலினாவின் ராக் ஹில்லில் உள்ள வின்த்ராப் பல்கலைக்கழக வளாகத்தில் அடுத்த மாதம் டிஸ்க் கால்ஃப் (தட்டை வீசி, முடிந்தவரை குறைந்த வீச்சுகளில் கூடையில் விழச் செய்யும் ஆட்டம்) விளையாட இருக்கிறேன். 1999 முதல் அமெரிக்க டிஸ்க் கால்ஃப் சாம்பியன்ஷிப் நடைபெற்றுவரும் இடம் என்பதால், ஒரு களத்தின் தரத்தை எவற்றைக் கொண்டு எடைபோட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் (சேது):
வணக்கம் நண்பரே. அங்கே ஏரியைத் தவிர இயற்கைத் தடைகள் குறைவு. சாம்பியன்ஷிப்பின்போது புல்வெளியெங்கும் மஞ்சள் கயிறு கட்டி எல்லை வகுத்து, அதைத் தாண்டும் ஒவ்வொரு வீச்சுக்கும் ஓர் அபராத வீச்சைச் சேர்ப்பதால்தான் களம் கடுமையாகிறது. வைக்கோல் கட்டுகளால் சூழப்பட்ட 17ஆம் கூடை தொலைவில் குறுகியதே என்றாலும், கடைசிச் சுற்றில் முன்னணியில் இருப்பவரையும் அது நடுங்க வைக்கும். சாதாரண நாளில் கயிறு இருக்காது. ஆகவே தொலைக்காட்சியில் கண்ட களத்தை மனத்தில் வைத்து மதிப்பெண் போடுவது நியாயமாகாது.

பதில் (மலர்விழி):
சேது அண்ணன் சொல்வதை ஏற்கிறேன். ஆனால் கயிற்றால் உண்டாக்கும் கடினம் சற்றுச் செயற்கையானது என்பது என் கருத்து. கல்லூரி வளாகம் என்றால் நான் முதலில் பார்ப்பது பாதுகாப்பையே: வீசும் பாதை நடைபாதையையோ வாகன நிறுத்தத்தையோ குறுக்கிடுகிறதா, வீசும் மேடையிலிருந்து நடப்பவர்கள் தெரிகிறார்களா என்று கவனியுங்கள். அதன்பின், இடப்பக்கமும் வலப்பக்கமும் வளையும் வீச்சுகளுக்குச் சமவாய்ப்பு உண்டா என்று பாருங்கள்.

குமரன்:
நன்றி. நடைபாதைகளைக் குறித்துக்கொண்டு வந்து இங்கே எழுதுகிறேன்.