புதுப்பிப்பு: மணல் செய்தியும் லோயர் கடிதமும்

டிப்பரில் ஆற்றுமணல் ஏற்றுவதைப் பற்றி எழுதியதற்கு நட்டஈடு கேட்டுக் கடிதம் வந்ததென்று போன கிழமை சொன்னேன் அல்லவா? நேற்று கிளிநொச்சியில் ஒரு சட்டத்தரணி அக்காவிடம் காட்டினேன்.

மறியலுக்குப் போகவேணுமோ என்று அம்மா பயந்தார். இலங்கையில் குற்றவியல் அவதூறை, அதாவது அவதூறுக்குச் சிறையில் போடும் சட்டத்தை, 2002-லேயே நீக்கிவிட்டார்கள். ஆனால் ரோமன் டச்சுச் சட்டப்படி (ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கே இருக்கிற சட்டம்) நட்டஈடு கேட்டுக் குடியியல் வழக்குப் போடலாம். அதில் 'உண்மைதான்' என்றால் மட்டும் காணாது. பொது நன்மைக்காக எழுதியதென்றும் காட்டவேண்டும். (இது எனக்குப் புதுசு.) அக்காவின் கவலையோ இணையப் பதிவுகள் பற்றிய 2024 நிகழ்நிலைக் காப்புச் சட்டம், செய்தியை பேஸ்புக்கில் பகிர்ந்தது அதற்குள் வரக்கூடுமாம்.

சரி, 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மணல் அனுமதி விவரம் கேட்டு விண்ணப்பித்துவிட்டேன். செய்தியை எடுக்கவில்லை.