செவிலியர் படிப்பில் சோர்ந்துபோயிருக்கும் தங்கைக்காக ஓர் உதவி

குழுவினருக்கு வணக்கம். மதுரையில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் தங்கை, வார்டுப் பணியும் வகுப்பும் ரெக்கார்டு எழுதும் வேலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து தூக்கம் கெட்டதால், நோயாளிகளிடம் பேசவே மனம் வரவில்லை என்கிறாள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வுக்குச் சொன்ன மூன்று கூறுகளும், அதாவது கடும் களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகுதல், தன் திறன் குறைந்துவிட்டதென்ற எண்ணம் ஆகியவை, அவளிடம் தெரிகின்றன. இதைச் சோம்பல் என்று உறவினர்கள் சொல்வது அநியாயம்.

அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் பேசியது அவளுக்கு ஆறுதலளித்தது. ஆனாலும் நேரில் தொடர்ந்து பார்ப்பதற்கு, கே.கே. நகர், அண்ணா நகர் பக்கம் மாணவர்களிடம் பொறுமையாகப் பேசும் மனநல ஆலோசகர் இருந்தால் தெரிவியுங்கள். இடையில் விடுப்பெடுத்துப் படிப்பைத் தொடர்ந்தவர்கள், கல்லூரியில் அனுமதி பெற்றதையும் வருகைப்பதிவை ஈடுசெய்ததையும் விவரமாக எழுதுங்கள். விடுப்புக் கேட்பதற்கே அவள் அஞ்சுகிறாள்.